அந்த இரண்டு வரிகள் உன்னுடையவை

களை பிடுங்கிக்கொண்டிருந்த கையோடுதான் கடிதத்தை வாங்கினேன். தபால்காரர் வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வயலுக்குள் இறங்க மனமில்லாமல், உறையை உயர்த்திப் பிடித்துக் கூப்பிட்டார். கையை உடுப்பில் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். இருந்தும் தாளின் ஓரத்தில் என் பெருவிரல் சேறாகப் பதிந்துவிட்டது. என் கவிதைப் புத்தகம் ஓர் இலக்கியப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்றும், இறுதிப் பட்டியலில் உள்ள ஐந்து நூல்களில் அதுவும் ஒன்று என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது பந்தியில், நடுவர்களை நெடுநேரம் பேசவைத்த வரிகள் என்று இரண்டு வரிகளை எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

குளத்துக்குத் தாகமெடுத்தபோது
ஒருவரும் தண்ணீர் கொண்டுபோகவில்லை.

வாசித்துவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டேன். பிடுங்கிப் போட்ட களையிலிருந்து பச்சை வாடை வந்துகொண்டிருந்தது. அந்த வாடையில், பக்கத்து நிரையில் நீ குனிந்து நிற்பதுபோலவே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ போய் மூன்று வருடமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடிதத்தில் இருந்த பெயர் என்னுடையது. வரிகள் உன்னுடையவை. இதை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் அறிவேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான் இருந்தது. ஆனாலும் தூரம் அதிகம். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து துணுக்காய்ப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலவரம் நடந்தபிறகு லொறியில் வந்து இறங்கியவர்கள் நீங்கள். உன் அம்மா எங்கள் வயலில் கூலிக்கு நின்றார், அவருக்குப் பிறகு நீ நின்றாய். உன் அம்மாவோடு பேசும்போது ‘ஆமா’ என்பாய். எங்கள் பக்கம் திரும்பினால் அதே வாயில் ‘ஓம்’ வரும். என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் நீ. இருந்தும் என்னை ‘வாங்கோ, இருங்கோ’ என்றுதான் சொல்வாய். நான் உன்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் குசினியில் உனக்கென்று ஒரு தகரப் பேணி தனியாக இருந்தது. அம்மா அதில்தான் உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவார். அது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொன்னதில்லை. இதையும் இந்த மடலில் எழுதத்தான் வேண்டும்.

யுத்தத்தில் என் படிப்பு இடையில் நின்றுபோனது. வயல்தான் மிச்சம். டீசல் கிடைக்காத காலம், எல்லாமே கைவேலை. மத்தியானத்தில் வாய்க்கால் ஓரத்து மருத மரத்தடியில் சாப்பிடுவோம். அப்போது நான் முதல்நாள் எழுதியதைக் கொப்பியை விரித்து வாசிப்பேன். மற்றப் பெண்கள் சிரித்துவிட்டுச் சரிந்து படுத்துவிடுவார்கள். நீ மட்டும், “இன்னொருக்கா வாசியுங்கோ” என்பாய். நல்லது என்றோ கூடாது என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு நிரையில் இறங்கியதும், வாசித்ததை வேலைக்கு இடையில் திரும்பச் சொல்லச் சொல்வாய். நீ மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் பலகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். விளங்காமல்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பிறகு எல்லோரும் எழும்பி நடந்தோம். ஊர் ஊராகக் கிழக்கே போனோம். எந்த இடத்தில் நீ எங்களைப் பிரிந்தாய் என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. ஒரு கட்டத்தில் உழவு இயந்திரத்தை வீதியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினோம். அதன் பெட்டியில் என் ஆறு கொப்பிகளும் ஒரு பையில் இருந்தன. அன்றைக்கு அதை நினைக்கவே இல்லை. முகாமுக்கு வந்து, உயிர் இருக்கிறது என்று உடம்பு நம்பத் தொடங்கியபிறகுதான் நினைத்தேன். ஆட்களைப் பறிகொடுத்தவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு கொப்பிக்காக அழ வெட்கமாக இருந்தது.

வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில் உன்னைக் கண்டேன். நீ பாதியாகியிருந்தாய். உன் ஆறு வயது மகள் யோகா உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா கஞ்சி வாங்கப் போனவர், திரும்பி வரவில்லை என்று ஒரே வசனத்தில் சொல்லி முடித்தாய்.  நீயாகத்தான் கேட்டாய், கொப்பிகள் எங்கே என்று. எல்லாம் போய்விட்டது என்றேன்.

“கொப்பி போனா என்னடி, நான் இருக்கிறன்தானே” என்றாய்.

உன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ‘டி’ அது. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அதற்குள் நீ சொல்லத் தொடங்கிவிட்டாய். வரிசை நகர நகர, வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு, நான் நான்கு வருடத்துக்கு முன்பு எழுதிய விதைப்புக் கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொன்னாய். நான் மூச்சு விடும் இடத்தில் நீயும் மூச்சு விட்டாய். தண்ணீர்க்காரர் என் முறை வந்ததாக இரண்டு தரம் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சிக் கொப்பி ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினேன். எல்லாம் சுலபமாக வரவில்லை. சில கவிதைகளின் முதல் வரியோடு நின்றுவிடுவாய். ஒருநாள் நீ திடீரென்று கூடாரத்துக்கு வெளியே போய், காய்ந்த செம்மண்ணில் குனிந்து நின்று, இடது கையால் எதையோ விலக்கி வலது கையால் பிடுங்கினாய். ஓர் அடி முன்னால் வைத்தாய். மறுபடி பிடுங்கினாய். அந்த மண்ணில் ஒரு புல்லும் இல்லை. அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து உன்னைப் பிடிக்க ஓடி வந்தேன். நீ தலையை நிமிர்த்தாமல், “எழுது” என்றாய். களை பிடுங்கும்போது கேட்ட கவிதை, கை களை பிடுங்கினால்தான் வரும் என்று பிறகு எனக்கு விளக்கினாய். நாற்று நடும்போது கேட்டதற்கு நாற்று நடுவதுபோல் பின்னால் பின்னால் நடந்தாய். கதிர் அறுக்கும்போது கேட்டதற்கு வெறுங்கையை அரிவாள்போல் வீசினாய். நான் தரையில் இருந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

எத்தனையோ பெரியவர்களின் நினைவாற்றலைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறேன். அவை எல்லாம் வெறும் கதைகளாகத்தான் எனக்குள் இருந்தன. புருசனைத் தொலைத்து, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பதுங்குகுழி பதுங்குகுழியாக மாறி வந்த ஒருத்தி, தன்னுடையது அல்லாத ஒன்றை ஒரு சொல் சிந்தாமல் கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டேன். ‘குழிக்குள் யோகா பயத்தில் கத்துவாள், அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது, உன்னுடையதைத்தான் சொன்னேன்’ என்றாய். நான் ஒருநாள் வெயிலைப் பற்றி விளையாட்டாக எழுதியது, அந்தக் குழிக்குள் ஒரு குழந்தையின் காதில் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னால் புதிதாக ஒரு வரியும் எழுத முடியவில்லை.

ஊர் திரும்பினோம். வயலில் மறுபடி கால் வைத்ததும் மிச்சக் கவிதைகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா அந்த நேரம் உயிரோடு இல்லை. தகரப் பேணியும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கோப்பைகளில் எது கைக்கு வந்ததோ அதில் நீ குடித்தாய்.

குளத்துக் கவிதை மட்டும் வராமலே கிடந்தது. மழை பொய்த்த வருடம் ஒன்றில், நீயும் நானும் குளத்து அணைக்கட்டு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தோம். குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர், அதைச் சுற்றிக் கொக்குகள். நீ நின்றாய். சொல்லத் தொடங்கினாய். நான் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். பன்னிரண்டு வரிகள் என்னுடையவை. முடிவில் வந்த இரண்டும் என்னுடையவை இல்லை.

என் முடிவு எனக்கு நன்றாகவே தெரியும். ‘வற்றிய நீரின் மௌனப் பேரிகை வானின் வாசலில் முழங்குகிறது’ என்று எழுதியிருந்தேன். அதை எழுதிய அன்று எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு பெருமை. நீ சொன்னது, “குளத்துக்குத் தாகம் எடுத்தபோது ஒருத்தரும் தண்ணி கொண்டுபோகேல்ல.”

இது நான் எழுதியதில்லையே என்றேன். நீ வெட்கப்படவில்லை, மழுப்பவும் இல்லை.

“அந்த இடத்தில வரம்பு உடைஞ்சு கிடந்தது. நான் மண் வெட்டிப் போட்டு அடைச்சனான். தண்ணி நிக்குதோ எண்டு பார்.”

நின்றது. அந்தக் கவிதை முழுவதும் அந்த இரண்டு வரிகளில்தான் நின்றது. எங்கள் ஊரில் எல்லோரும் குளத்திடம் வாங்கியவர்கள். குளத்துக்கும் தாகம் இருக்கும் என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. நீ யோசித்திருக்கிறாய். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டவள் நீ. நான் உன்னை ஏறிட்டுப் பார்த்தேன். நீ ஏற்கனவே நடக்கத் தொடங்கிவிட்டாய், அடுப்புக்கு விறகு பொறுக்க வேண்டுமென்று. உன் பின்னால் வந்துகொண்டே எழுதினேன். ‘தண்ணி’யைத் ‘தண்ணீர்’ ஆக்கினேன். ‘ஒருத்தரும்’ என்பதை ‘ஒருவரும்’ என்றும், ‘கொண்டுபோகேல்ல’ என்பதைக் ‘கொண்டுபோகவில்லை’ என்றும் மாற்றினேன். என் பங்கு அவ்வளவுதான்.

பிறகு உனக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போய் வந்தாய். நெடுங்கேணியில் கலியாணம் செய்திருந்த யோகா உன்னைத் தன்னோடு வரச்சொன்னாள், நீ போகவில்லை. கடைசி மாதங்களில்தான் போனாய். நான் பார்க்க வந்த ஒருநாள், படுத்திருந்தபடியே, “நாப்பத்தொண்டு. எண்ணிப் பார். உன்ர ஒண்டும் என்னட்ட இல்லை” என்றாய். வீட்டுக்கு வந்து கவிதைகளை எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். அந்த வசனத்தில் ‘உன்ர’ என்ற சொல் எவ்வளவு கவனமாகப் போடப்பட்டிருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

புத்தகம் நீ இறந்தபிறகுதான் வந்தது. முன்னுரையில், ‘தொலைந்த கவிதைகளை நினைவில் வைத்திருந்து தந்த தோழிக்கு நன்றி’ என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பெயரை எழுதினால் யாராவது உன்னைப் பற்றி விசாரிப்பார்கள். ‘எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அவளுடையது’ என்று என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

கடிதம் வந்து நான்கு நாட்கள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ஊரில் செய்தி பரவிவிட்டது. கடையில் நின்றவர்கள் அந்த இரண்டு வரிகளையும் எனக்கே சொல்லிக் காட்டினார்கள். எத்தனை நல்ல வரி என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் உன்னிடமிருந்து ஒன்றைத் திரும்பவும் எடுப்பதுபோல இருந்தது. ஐந்தாம் நாள் மாங்குளத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக நெடுங்கேணிக்குப் போனேன்.

யோகா தையல் மெசினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, தைத்துக்கொண்டே என் கதையைக் கேட்டாள். கடிதத்தை நீட்டினேன். ‘இந்த இரண்டு வரிகளும் என்னுடையவை இல்லை, உன் அம்மாவுடையவை’ என்று சொன்னேன்.

“தெரியும் சின்னம்மா” என்றாள். “அம்மா சொன்னவா.”

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘நான் ரெண்டு வரி போட்டனான், அவள் அதை வெட்டேல்ல’ எண்டு சொன்னவா. கடைசியாப் படுத்திருக்கேக்கையும் சொல்லிச் சிரிச்சவா.”

நான் எடுத்துக்கொண்டதாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்ததை, நான் வெட்டாமல் விட்டதாக நீ நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறாய்.  யோகா எழும்பித் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, தனக்கு ஒரு சந்தேகம் என்றாள். பதுங்குகுழிக்குள் நீ அவளுக்கு அடிக்கடி சொன்ன கவிதை ஒன்று புத்தகத்தில் இல்லையாம். நான் ஏன் அதைச் சேர்க்கவில்லை என்று பல நாள் யோசித்தாளாம். எது என்று கேட்டேன்.

அவள் மெசினில் கையை வைத்தபடி சொன்னாள். ஆறு வரிகள். ஒரு தாய், இருட்டான இடத்தில், குழந்தையிடம் பேசுவது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வரியில் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் நான் அப்படி ஒன்று எழுதியதில்லை. இனி எழுதப்போவதும் இல்லை. வெளியே உழவு இயந்திரம் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. 

“இது என்ர இல்லை, யோகா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பத்தொன்றையும் எனக்குத் தந்துவிட்டு, ‘உன்ர ஒண்டும் என்னட்ட இல்லை’ என்று சொன்ன நீ, உன்னுடையதை உன் பிள்ளையிடம் மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.  எத்தனை வருடம் உன் பக்கத்து நிரையில் நின்றிருக்கிறேன். நான் மட்டும்தான் கவிஞர் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அங்கிருந்தே பரிசுக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுப்பான அம்மா ஒருவர் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலிலிருந்து புத்தகத்தை எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் அந்த வரிகளை என் பெயரில் இனிமேல் ஓரிடத்திலும் போட வேண்டாம் என்றேன். அவர், “அவாவும் கவிதை எழுதிறவாவோ?” என்று கேட்டார்.

அவாவுக்கு எழுதத் தெரியாது, எங்கள் வயலில் கூலிக்குக் களை பிடுங்கியவா என்று சொன்னேன். சொன்னபிறகு அது போதாது என்று தெரிந்தது.

“ஓம்” என்றேன். “அவா கவிஞர்.”

இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. புத்தகம் பட்டியலில் இருக்கலாம், ஆனால் அந்த வரிகள் யாருடையவை என்பதைப் புத்தகத்திலேயே குறிப்பிட வேண்டும் என்றார்கள். விற்காமல் இருந்த பிரதிகளை யோகாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் முழுப் பெயர், உன் அம்மாவின் பெயர், அந்த இரண்டு வரிகள் நீ சொன்ன மாதிரியே, ‘தண்ணி’யோடு. இவற்றைச் சிறு துண்டுகளாக அச்சடித்து, இருவரும் தரையில் இருந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். முன்னுரையில் நான் எழுதிய நன்றி வசனத்தின் மேலேயே ஒட்டினோம்.

பரிசளிப்பு கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐந்து பேரும் ஒரு கவிதை வாசிக்க வேண்டும். நான் குளத்துக் கவிதையின் பன்னிரண்டு வரிகளையும் வாசித்துவிட்டு நிறுத்தினேன். முன் வரிசையில் இருந்த யோகா எழும்பி நின்று கடைசி இரண்டையும் சொன்னாள். ஒலிவாங்கி இல்லை. அவள் குரல் மண்டபத்தின் கடைசி வரைக்கும் போனதோ தெரியாது. ஆனால் பின் வரிசைகளில் வயல்காரர்கள் கனபேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்ததைக் கண்டேன். பரிசு வேறொருவருக்குப் போனது. அவருடைய புத்தகத்தை வரும் வழியில் பஸ்ஸிலேயே வாசித்தேன். அது பெறத்தான் வேண்டும், நல்ல புத்தகம். எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கொஞ்சம் இருந்தது. மாங்குளம் வரும்போது அதுவும் போய்விட்டது.

உன்னுடைய அந்த ஆறு வரிகளைப் பற்றி யோகாவிடம் பிறகு கேட்டேன், அடுத்த பதிப்பில் உன் பெயரோடு தனியாகப் போடுவோமா என்று. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் சின்னம்மா என்றாள். அது அம்மா எனக்குச் சொன்னது என்றாள். எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, சரி என்று பட்டது. ஆனால் அவள் எனக்கு ஓர் அனுமதி தந்தாள். நான் அதை மனப்பாடம் செய்யலாம்.

எனக்கு உன்னைப்போல நினைவில்லை. எழுதிப் பழகிய மூளை, தாளில்லாமல் ஒன்றையும் பிடித்து வைக்கமாட்டேன் என்கிறது. நாலாவது வரி கன நாளாகத் தவறிக்கொண்டே இருந்தது. யோகாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். அவள் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். இந்தப் போகம் விதைப்பு முடிகிறபோதுதான் முதன்முதலாக ஆறு வரியும் தடக்காமல் வந்தது. வயலுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் நடந்தபடி, வாய்க்குள் சொல்லிக்கொண்டு போகிறேன். ஒரு கொப்பியிலும் அது இல்லை. நான் இருக்கும்வரை என்னிடம் இருக்கும்.